வானை வீடாக்கி நாட்டைச் சுற்ற நினைக்கும் வன்னிக்காரருக்கு

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் வீடியோக்களில் கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ள பெரிய மோட்டர் வீடுகளைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒன்றை இங்கே எடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எடுக்கலாம். குடும்பத்தோடு கிளிநொச்சியில் ஏறி, மலைநாடு, கிழக்குக் கரை எல்லாம் பார்த்து, விடுதிக்குக் காசு கொடுக்காமல் திரும்பி வரலாம். ஆனால் வண்டி வாங்குவதிலும், அதன் பத்திரங்களைச் சரிப்படுத்துவதிலும், உள்ளே வேலை செய்விப்பதிலும் நான் பட்ட இழுபறியை நீங்களும் படத் தேவையில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த வண்டி என்பதை முதலில் முடிவெடுங்கள்

ஐரோப்பாவிலோ கனடாவிலோ ஓடும் சொகுசு மோட்டர் வீட்டை இறக்குமதி செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது உண்மைதான். ஆனால் சுங்க வரி, உற்பத்தி வரி, சொகுசு வரி, வற் என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது வண்டியின் விலையையே வரி தாண்டிவிடும். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஸ்ரியரிங் இடப்பக்கம் இருக்கும். நாங்கள் ஓடுவதும் வீதியின் இடப்பக்கத்தில். முந்திப்போக எட்டிப் பார்ப்பதே ஆபத்து. 7 மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமும் உள்ள ஒன்றை றம்பொடை வளைவுகளிலும், மரக்கிளை தாழ்ந்த வன்னி உள்வீதிகளிலும் திருப்புவது பெரும்பாடு. வழியில் ஒரு சாமான் உடைந்தால் மாங்குளத்தில் அதற்கு உதிரிப்பாகம் கிடைக்காது.

நடைமுறையில் உங்களுக்கு முன்னால் இருப்பவை இரண்டு. ஒன்று, ரோசா அல்லது கோஸ்டர் போன்ற சிறிய பஸ். உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், கழிப்பறை வைக்கலாம். ஆனால் பஸ் ஓட்ட வேறு வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், ஒவ்வொரு வருடமும் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். மற்றது ரொயோட்டா ஹையேஸ் வகை வான். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பத்துக்கு இதையே நான் சொல்வேன். எந்த ஊர்க் கராச்சிலும் இதற்கு ஆள் உண்டு, சாமான் உண்டு.

ஹையேஸிலும் அளவு பார்த்து எடுங்கள். கே.டி.எச். என்ற மாதிரியில் சாதாரணமானது 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம். உயர்கூரை உள்ள பெரிய வகை 5.4 மீற்றர் நீளம், ஏறக்குறைய 1.9 மீற்றர் அகலம், 2.3 மீற்றர் உயரம். ஆறடி ஆள் குறுக்கே காலை நீட்டிப் படுக்க முடியுமா என்பதை விற்பவரின் முற்றத்திலேயே வானுக்குள் படுத்துப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். டொல்பின் என்று சொல்லும் பழைய ஹையேஸ் வான்கள் விலை குறைவு, இயந்திரமும் எளிமை. ஆனால் கறள் கூட. நல்ல நிலையில் உள்ள கே.டி.எச். ஒன்றுக்கு விலை கோடியைச் சுற்றி நிற்கும். டொல்பின் என்றால் பெரும்பாலும் அதில் பாதியளவு.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வான் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, பின்னிருக்கைகளைக் கழற்றி, மெத்தை போட்டு, வீட்டு வளவிலேயே பிள்ளைகளோடு படுங்கள். அந்த வாடகைக் காசு வீண் போகாது. உங்கள் வீட்டுக்காரிக்கோ வீட்டுக்காரருக்கோ இது சரிவராது என்றால், கோடி ரூபாய் கொடுப்பதற்கு முன்னமே தெரிந்துவிடும்.

2. பத்திரங்கள்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். வண்டியில் உள்ள பழுதைக் கராச்சில் திருத்தலாம். பத்திரத்தில் உள்ள பழுதைத் திருத்துவதற்குள் ஆசையே போய்விடும்.

முதலில் வாகனப் பதிவுச் சான்றிதழ், அதாவது சி.ஆர். மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். போட்டோக்கொப்பியை நம்பி முற்பணம் கொடுக்க வேண்டாம். அதில் ஐந்து விடயங்களைப் பார்க்க வேண்டும்: உரிமையாளரின் பெயர், முழு உரித்து யாரிடம் என்பது, சேசி இலக்கமும் இயந்திர இலக்கமும், வாகன வகுப்பு, இருக்கைகளின் எண்ணிக்கை. கடைசி இரண்டும் ஏன் முக்கியம் என்பதை 4ஆம் பகுதியில் சொல்கிறேன்.

வன்னியில் ஓடும் வான்களில் பல லீசிங்கில் எடுத்தவை. அப்படியானவற்றில் ஓட்டுபவர் பதிவு உரிமையாளராக இருப்பார். முழு உரித்து நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். "லீசிங் எல்லாம் கட்டி முடிஞ்சுது அண்ணை" என்ற வாய்ச்சொல் போதாது. நிறுவனம் தன் உரித்தை நீக்கச் சம்மதிக்கும் கடிதம் வேண்டும். நான் எடுத்த வானுக்குக் கடன் முழுதும் கட்டி முடிந்திருந்தது. இருந்தும் அந்தக் கடிதம் வந்து சேர மாதக் கணக்கில் இழுபட்டது. விற்றவர் நல்ல மனிதர், அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: கடிதம் கைக்கு வரும்வரை ஒரு நல்ல தொகையை நிறுத்தி வையுங்கள். லீசிங் மிச்சம் இருந்தால் அந்தக் காசை விற்பவரிடம் கொடுக்காமல் நேரே நிறுவனத்தின் கணக்கில் கட்டி ரசீது எடுங்கள்.

அடுத்த பொறி ஓப்பின் பேப்பர். உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்ட படிவத்தோடு வண்டி இரண்டு மூன்று பேரிடம் கைமாறி வரும். கடைசியாக விற்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரை உங்களுக்குத் தெரியாது. அவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்தும் இருக்கலாம். கையெழுத்து ஒத்துவராவிட்டால் உங்கள் விண்ணப்பம் திரும்பி வரும். விலை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் ஓப்பின் பேப்பர் வண்டியை நெடும்பயணத்துக்கு எடுக்காதீர்கள். அம்பாறையில் ஒரு விபத்து நடந்தால் பொலிசுக்குக் காட்ட உங்கள் பெயரில் ஒரு துண்டும் இருக்காது.

உரிமை மாற்றத்துக்குத் தேவையானவை இவை: மூல சி.ஆர்., வாங்குபவர் நிரப்பும் எம்.டி.ஏ. 6 படிவம், விற்பவர் கொடுக்கும் எம்.டி.ஏ. 8 படிவம், இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள், நடப்பு வருமான உத்தரவுப்பத்திரத்தின் பிரதி, உரித்து நீக்கக் கடிதம் தேவைப்பட்டால் அது. 2025 ஏப்ரல் முதல் வரி அடையாள இலக்கத்தையும் கேட்கிறார்கள். அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இணையவழியாகக் காசில்லாமல் எடுக்கலாம். வண்டி தேடத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கைமாறி 14 நாட்களுக்குள் மாற்றத்தை அறிவிக்க வேண்டும். பிந்தினால் தண்டம்.

எங்கே கொடுப்பது? மாவட்டச் செயலகத்தில், எங்கள் வாயில் கச்சேரியில், மோட்டார் வாகனத் திணைக்களத்தின் கிளைக்குப் போய், உங்கள் வண்டியின் உரிமை மாற்றத்தை அங்கேயே எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கொழும்பு நாரஹேன்பிட்ட தலைமை அலுவலகம்தான். அங்கே முன்பதிவு செய்துகொண்டு, முதல் நாள் இரவே பஸ் ஏறிப் போய், காலையில் வரிசையில் நிற்பது நல்லது. விற்றவரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கையெழுத்தில் சந்தேகம் வந்தால் அவர் அங்கேயே நிற்பார். அவருடைய பயணச் செலவையும் சாப்பாட்டையும் நீங்கள் பாருங்கள். திரும்பத் திரும்ப அலைவதை விட மலிவு.

காசு கொடுப்பது வங்கி மூலமாக மட்டும். முற்பணத்துக்கும் ஒரு எழுத்து ஒப்பந்தம் வேண்டும்: வண்டி இலக்கம், சேசி இலக்கம், விலை, முற்பணம், எத்தனை நாளுக்குள் பத்திரம் தர வேண்டும், தராவிட்டால் காசு எப்படித் திரும்பும் என்பன அதில் இருக்கட்டும்.

3. வண்டியைப் பார்ப்பது

உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் காட்டும் ஆளை வேண்டாம். பகலில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வரமுன்னரே ஸ்ராட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

எங்கள் பக்கத்து வான்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அடித்தட்டை. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரம் மீன் ஏற்றி ஓடியவை வெளியே பெயின்ற் மினுங்கும். கீழே சேசி பொருக்கெழும்பியிருக்கும். கட்டாயம் உயர்த்திப் பாருங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இருக்கைப் பட்டியை முழு நீளம் இழுத்துப் பாருங்கள், அடி நுனியில் சேற்றுக் கோடு இருக்கும். டீசல் கே.டி.எச். வகைகளில் இன்ஜெக்டர் செலவு பெரியது. நான்கையும் சோதித்த கராச் அறிக்கை இல்லாமல் விலை பேசவேண்டாம். பாடசாலைச் சேவை, கொழும்பு ஹயர் (வாடகை) ஓடிய வான் என்றால் மீற்றரில் இருக்கும் இலக்கத்தை நம்பாமல் பிறேக் மிதியின் தேய்மானத்தையும் சாரதி இருக்கையையும் பாருங்கள்.

சேசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் சி.ஆருடன் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்க்க மறக்காதீர்கள்.

4. இருக்கை, அனுமதிப்பத்திரம், மாற்றங்கள்

இதைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண கார் ஓட்டும் பி வகுப்பு அனுமதிப்பத்திரத்தில், சாரதியோடு சேர்த்து 9 இருக்கைக்கு மேற்படாத, 3,500 கிலோ எல்லைக்குள் அடங்கும் வாகனம்தான் ஓட்டலாம். பல ஹையேஸ் வான்கள் 14, 15 இருக்கை என்று பதியப்பட்டவை. அவற்றுக்கு டி1 என்ற சிறிய பஸ் வகுப்பு வேண்டும். நீங்கள் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டிருந்தாலும், சி.ஆரில் 14 என்று இருக்கும்வரை பொலிஸ்காரர் பார்ப்பது சி.ஆரைத்தான்.

ஆகவே ஒன்றில் 9 இருக்கைக்குள் பதியப்பட்ட வானை எடுங்கள், இல்லாவிட்டால் மாற்றத்தைத் திணைக்களத்தில் பதிவு செய்யுங்கள். இருக்கை குறைப்பு, நிற மாற்றம், கூரை உயர்த்தல், இயந்திர மாற்றம் எதுவாக இருந்தாலும் சி.ஆரில் ஏற வேண்டும். தச்சரை அழைப்பதற்கு முன் கச்சேரிக் கிளையில் உங்கள் வரைபடத்தைக் காட்டி என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடித்த பிறகு போய், "இதைக் கழற்று" என்று கேட்க வேண்டி வந்தால் செலவு இரட்டிப்பு.

விடுமுறைக்கு வரும் மருமகனோ மச்சானோ ஓட்டப் போகிறார் என்றால், அவருடைய நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கருமபீடம் இருக்கிறது. வந்திறங்கும் களைப்பில் அதைத் தாண்டிப் போய்விடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

5. உள்ளே வேலை

சொகுசு என்று எதைச் சொல்கிறோம்? வன்னி வெயிலில் அது காற்று, தண்ணீர், நல்ல நித்திரை. தேக்கு அலுமாரியும் பெரிய ரிவியும் வண்டியின் பாரத்தைத்தான் கூட்டும்.

பலகை பற்றி ஒரு எச்சரிக்கை. வன்னியில் முதிரையும் பாலையும் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கி வானில் ஏற்றிக்கொண்டு வேறு ஊர்த் தச்சரிடம் போகாதீர்கள். மரம் கொண்டு செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் மரத்தோடு வண்டியும் நீதிமன்றத்துக்குப் போகும். கடையில் வாங்கிய 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் போதும். பாரம் குறைவு, ஈரத்துக்கும் தாங்கும். கடை ரசீதை வண்டியிலேயே வைத்திருங்கள்.

வெக்கைக்கு: கூரைக்கும் உட்தகட்டுக்கும் நடுவில் வெப்பத் தடுப்பு விரிப்பு, வெளியே வெள்ளை நிறம், கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறி, எல்லா ஜன்னலுக்கும் நுளம்பு வலை. வலையைக் கதவுக்கும் போடுங்கள். இவ்வளவையும் செய்யாமல் வேறு எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். குளிரூட்டிக்காக இயந்திரத்தை ஓடவிட்டபடி வானுக்குள் ஒருநாளும் நித்திரை கொள்ளாதீர்கள். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை; ஆட்கள் நித்திரையிலேயே இறந்துபோவார்கள்.

மின்சாரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ற் விசிறி ஒன்று 20 வாற்று. இரவு முழுக்க 8 மணித்தியாலம் ஓடினால் 160 வாற்று மணி. சிறிய 12 வோல்ற் குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளுக்கு 500 முதல் 600 வரை எடுக்கும். விளக்கும் தொலைபேசிகளும் 100. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 850 வாற்று மணி. 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்றில் 1,280 இருக்கும். ஆக ஒரு நாளுக்குப் போதும். 200 வாற்று சூரியப் படல் நல்ல வெயிலில் 700 அளவில் திருப்பித் தரும். மிச்சத்தை வண்டி ஓடும்போது இயந்திரத்திலிருந்து ஏற்றலாம், ஆனால் அதற்கென்று உள்ள டிசி சார்ஜர் போட வேண்டும். நேரடியாக வயர் இழுத்தால் ஓல்ரனேற்றர் எரியலாம். சோற்று அவியல் பானையை இதில் போட நினைக்காதீர்கள். நான் விசாரித்தபோது பற்றரி ஒன்று ஒரு லட்சத்தைச் சுற்றி நின்றது. இந்த வேலையைச் சூரியகலம் பொருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஒவ்வொரு வயருக்கும் பியூஸ் போட்டிருக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

சூரியப் படலைக் கூரையில் ஆணியடித்துப் பொருத்தினால் வண்டியை வெயிலில்தான் நிறுத்த வேண்டும், உள்ளே அவியும். நீண்ட வயரோடு தனியாகக் கழற்றி வைக்கும் படலாக எடுத்தால் வண்டி மர நிழலில் நிற்கும், படல் வெயிலில் காயும். நிழல் என்றதும் பனைக்கும் தென்னைக்கும் கீழே நிறுத்திவிட வேண்டாம்.

சமையலுக்கு 2.3 கிலோ சிலிண்டர் போதும். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே போக ஓட்டை வேண்டும். முடிந்தால் அடுப்பைப் பின்கதவுப் பக்கம் வைத்து, கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்று சமையுங்கள்.

தண்ணீர் 60 லீற்றர் தொட்டி என்றால் 60 கிலோ பாரம். அதை மேலே வைக்காதீர்கள், ஒரு பக்கமாகவும் வைக்காதீர்கள். குடிக்கத் தனியாக 20 லீற்றர் கான். எங்கள் பக்கத்திலும் வவுனியா, அநுராதபுரம் பக்கத்திலும் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீர் விற்கும் இடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே மலிவாக நிரப்பலாம். கிணற்றுத் தண்ணீரைக் குளிக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்கு மூடியுள்ள சிறிய கைப்பெட்டி வகை போதும், அதுவும் இரவு அவசரத்துக்கும் பிள்ளைகளுக்கும். அதை வீட்டுக் கழிப்பறையிலோ பொதுக் கழிப்பறையிலோதான் ஊற்ற வேண்டும். குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றுவது பாவம், குற்றமும் கூட.

எல்லாம் முடிந்ததும் சாமான்களோடும் ஆட்களோடும் ஒரு தராசில் நிறுத்துப் பாருங்கள். நெல் ஆலைகளில் வாகனத் தராசு இருக்கும், சிறு தொகைக்கு நிறுத்துத் தருவார்கள். ரயர்கள் பாரம் தாங்கும் 8 பிளை வகையாக இருக்க வேண்டும். காற்றழுத்தம் சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி.

6. காப்புறுதியும் வருடாந்தப் பத்திரமும்

மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டத்துக்குப் போதும், நெடும்பயணத்துக்குப் போதாது. முழுக் காப்புறுதி எடுங்கள். எடுக்கும்போது உள்ளே செய்த மாற்றங்களைப் படத்தோடு எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தின்போது அதையே காரணமாக வைத்து மறுக்கலாம். பற்றரி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் பெறுமதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். புகைச் சான்றிதழ், காப்புறுதி, வருமான உத்தரவுப்பத்திரம் மூன்றும் பயணத்தின் நடுவில் முடியாதபடி திகதியைப் பாருங்கள்.

7. முதல் பயணம் கிட்டவாக இருக்கட்டும்

நான் எல்லாருக்கும் சொல்வது மடு மாதா கோயில். ஆவணித் திருவிழாக் காலத்தில் சனம் கூடாரம் அடித்து நாட்கணக்கில் தங்கும் இடம். மற்ற நாட்களிலும் மரநிழலும் தண்ணீரும் உண்டு. நிர்வாகத்திடம் கேட்டு நிறுத்தலாம். புனித இடம், அதற்குரிய ஒழுங்கோடு இருக்க வேண்டும். இரண்டு இரவு அங்கே தங்கினால் எந்த அலுமாரிக் கதவு ஓட்டத்தில் திறக்கிறது, விசிறிச் சத்தத்தில் யாருக்கு நித்திரை வரவில்லை, தண்ணீர் எத்தனை மணிக்கு முடிகிறது எல்லாம் தெரிந்துவிடும். திரும்பி வந்து ஒரு கிழமை எடுத்துத் திருத்துங்கள்.

8. பாதையும் காலமும்

முதல் நெடும்பயணத்துக்கு இந்தச் சுற்று நல்லது: கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியே வவுனியா, அநுராதபுரம், தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, எல்ல, அங்கிருந்து இறங்கி பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை, பிறகு ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா, வீடு. பாதை மட்டும் ஆயிரம் கிலோமீற்றரைச் சுற்றி வரும். இடையில் கதிர்காமம், நிலாவெளி என்று திரும்பி, தங்கும் இடங்களில் ஓடும் ஓட்டத்தையும் சேர்த்தால் 1,300 வரை போகலாம். இதைப் பத்து நாளுக்குக் குறைவாகச் செய்ய வேண்டாம். ஒரு நாளில் 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு அது பயணமாக இருக்காது.

மாசியிலிருந்து சித்திரை வரை பொதுவாக எல்லாப் பக்கமும் நல்ல காலம். ஐப்பசி முதல் தை வரை வடக்கு, கிழக்கில் மாரி மழை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு வீதிகளும் பாலங்களும் பட்ட சேதம் எல்லாருக்கும் தெரியும். மலையேறுவதற்கு முதல் நாள் வீதி திறந்திருக்கிறதா, மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று. பூநகரி–மன்னார் வெளியில் உயர்கூரை வானைப் பக்கவாட்டில் தள்ளும். 50க்கு மேல் ஓடாதீர்கள்.

இருட்டிய பிறகு ஓடவே கூடாது. ஏ9இல் மாங்குளம், கனகராயன்குளப் பக்கம் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும். கறுப்பு மாடு லைற் வெளிச்சத்தில் கிட்ட வரும்வரை தெரியாது. ஹொரவப்பொத்தானை, ஹபரணைப் பக்கம் யானை. யானை நின்றால் ஹோன் அடிக்காமல், லைற்றை அணைத்து அணைத்துப் போடாமல், தூரத்திலேயே நிறுத்தி அது போகும்வரை இருங்கள். சாப்பாட்டு மணம் உள்ள வண்டியைத் தேடி வரும் யானைகளும் உண்டு. அந்தப் பக்கங்களில் பழங்களை மூடி வையுங்கள்.

மலை இறக்கத்தில் பிறேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வீட்டு வான் சாதாரண வானை விடப் பாரம் என்பதை ஸ்ரியரிங் பிடிப்பவர் மறக்கக் கூடாது. ஓடும்போது ஒருவரும் கட்டிலில் படுக்க வேண்டாம். எல்லாரும் பட்டி போட்ட இருக்கையில்.

முல்லைத்தீவுப் பக்கம் சுற்றுபவர்களுக்கு: வட்டுவாகலில் பழைய பாலம் ஒடுக்கமானது, மழைக்குத் தண்ணீர் மேலால் பாயும். பெரிய வண்டியோடு போவதற்கு முன் ஊர்ச்சனத்திடம் விசாரியுங்கள்.

9. இரவில் எங்கே நிறுத்துவது

எங்கள் நாட்டில் மோட்டர் வீடுகளுக்கென்று ஊரூராக நிறுத்துமிடம் கிடையாது. கேட்டு நிறுத்துவதுதான் முறை. கோயில், தேவாலய வளவு, சிறிய விடுதிகளின் முற்றம், சொந்தக்காரர் வீடு, இந்த ஒழுங்கில் தேடுங்கள். விடுதிக்காரரிடம் அறை வேண்டாம், நிறுத்தவும் குளிக்கவும் இடம் தந்தால் காசும் தந்து இரவுச் சாப்பாடும் உங்களிடமே எடுப்போம் என்றால் பெரும்பாலும் ஓம் என்பார்கள். கடற்கரை என்றால் அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்திடம் கேளுங்கள். வலை இழுக்கும் பாதையில் நிறுத்தினால் விடியக்காலையில் எழுப்புவார்கள். தனிமையான இடம் என்றால் கிட்டிய பொலிஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் படுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் பூங்காக்களில் அனுமதி எடுத்த முகாமிடங்களைத் தவிர வேறெங்கும் இரவு தங்க முடியாது. குளக்கட்டில் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

வன்னிக்குள் தங்குபவர்களுக்கு, முக்கியமாக வெளியூரிலிருந்து வரும் உறவுகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுபவர்களுக்கு ஒன்று: முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்து வருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புத் தடியோ கண்டால் வண்டியைத் திருப்புங்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் சும்மா இறக்காதீர்கள், நிழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும். பிள்ளைகளுக்கு இதைப் புறப்படும் முன் சொல்லிக் கொடுங்கள்.

10. வழிச் செலவு

பாரம் ஏற்றிய டீசல் வான் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் என்று வையுங்கள், மலையில் அதைவிடக் குறையும். 1,300 கிலோமீற்றருக்கு 145 லீற்றர். விலை மாதாமாதம் திருத்தப்படுவதால் அந்த மாத விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இதோடு நிறுத்தும் இடத்துக் காசு, காஸ், ஆர்.ஓ. தண்ணீர், நுழைவுச் சீட்டுகள். சாப்பாட்டுச் செலவு நீங்கள் எவ்வளவு சமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலையும் இரவும் வானில், மதியம் கடையில் என்பதுதான் எங்களுக்குச் சரிவந்தது. எதிர்பாராத திருத்தத்துக்கு டீசல் செலவின் இரண்டு மடங்கைத் தனியாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள். ரயர் ஒன்று, பெல்ற் ஒன்று, டீசல் பில்ரர் ஒன்று கையில் இருக்கட்டும்.

பத்திரங்களின் பிரதிகளை ஒரு கோவையில் போட்டு முன்னால் வையுங்கள். மூல சி.ஆர். வீட்டிலேயே இருக்கட்டும். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, வருமான உத்தரவுப்பத்திரம் மூலமாக இருக்க வேண்டும்.

11. திரும்பி வந்ததும்

அன்றே செய்ய வேண்டியவை உண்டு. தொட்டித் தண்ணீரை முழுதும் வடித்துவிட்டு மூடியைத் திறந்து காயவிடுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும். கரையோரம் போய் வந்த வண்டியின் அடித்தட்டை நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவுங்கள். காஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வையுங்கள். அடுத்த பயணம் பல மாதத்துக்குப் பிறகு என்றால் லித்தியம் பற்றரியைப் பாதி அளவு சார்ஜில் வைத்து இணைப்பைக் கழற்றிவிடுங்கள், வண்டியைக் கிழமைக்கு ஒருமுறை கொஞ்சத் தூரம் ஓடி எடுங்கள். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து, கதவுகளை நன்றாக மூடுங்கள். எங்கள் பக்கத்தில் எலி வயரை வெட்ட ஒரு இரவு போதும்.